வங்கியின் பொறுப்பு கடன் ஏட்டில் இருக்கிறது

அரசுப் பள்ளிக்குக் குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆம்புலன்ஸ், அதன் சாவியை மேலாளர் நீட்ட மருத்துவர் வாங்கிக்கொள்ளும் புகைப்படம் என்றுதான் ஒரு பெரிய வங்கியின் சமூகப் பொறுப்பு பெரும்பாலும் நம் கண்ணில் படுகிறது. அந்த ஆம்புலன்ஸால் பிழைக்கும் உயிர்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கணக்கைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிற 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆவது பிரிவு, தனிச் சட்டத்தால் உருவான பாரத ஸ்டேட் வங்கியைக் கட்டுப்படுத்தாது. முந்தைய ஆண்டு நிகர லாபத்தில் 1 சதவீதம் என்பதே அவ்வங்கி வைத்துக்கொண்டிருக்கும் அளவு. 2022-23இல் லாபம் 50,232 கோடி ரூபாய் என்பதால், அடுத்த ஆண்டுக்கான பங்கு சுமார் 500 கோடி. நல்ல தொகைதான். ஆனால் 2024 மார்ச் இறுதியில் அதே வங்கி கொடுத்திருந்த கடன் 37 லட்சம் கோடிக்கும் மேல். நூறு ரூபாய் கடனுக்கு ஒன்றரைப் பைசாகூட இந்தப் பொறுப்பின் கணக்கில் வருவதில்லை. அந்த நூறு ரூபாய் எங்கே போகிறது என்பதல்லவா முதல் கேள்வி?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் உள்ள கார்மைக்கேல் நிலக்கரிச் சுரங்கத்துக்காக அதானி குழுமத்துக்கு 100 கோடி டாலர் வரை கடன் தர, 2014 நவம்பரில் இவ்வங்கி புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. 2018இல் இதே வங்கி சுற்றுச்சூழலுக்கு உகந்த திட்டங்களுக்கென்று பணம் திரட்டும் பசுமைப் பத்திரங்களை 65 கோடி டாலருக்கு வெளியிட்டது. சுரங்கக் கடன் பேச்சு 2020இல் மறுபடி எழுந்தபோது, கடன் கொடுத்தால் தன் கையிலுள்ள அந்தப் பத்திரங்களை விற்றுவிடுவதாகப் பிரான்சின் அமுண்டி என்கிற முதலீட்டு நிறுவனம் எச்சரித்தது. அந்த நவம்பரிலேயே சிட்னி மைதானத்தில் இந்தியா ஆடிக்கொண்டிருந்தபோது, கடனை எதிர்க்கும் பதாகையுடன் ஒருவர் ஆடுகளம் வரை வந்து நின்றார். (நம்மில் பலருக்கு விஷயம் தெரிந்ததே கிரிக்கெட் தடைபட்டதால்தான்.) ஆண்டறிக்கையில் எத்தனை மரக்கன்றுகள் என்று அந்த முதலீட்டாளர் கேட்கவில்லை.

காலநிலை இடர்களை வங்கிகள் வெளிப்படுத்துவதற்கான வரைவை ரிசர்வ் வங்கி 2024 பிப்ரவரியில் வெளியிட்டது. கடன் பெற்றவர்களின் புகைக்கூண்டிலிருந்து வெளியேறும் கரியமில வாயுவையும் வங்கி தன் கணக்கில் காட்ட வேண்டும் என்ற எண்ணம் அதில் உண்டு. கிளைகளின் கூரையில் சூரியத் தகடு பொருத்துவதைவிட அது பல மடங்கு கடினம். பெரிய வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்கள். இருந்தாலும், சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் ஒருவன் என்ற முறையில், அனல்மின் நிலையங்களுக்கும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் இவ்வளவு, காற்றாலைக்கும் சூரிய மின்சக்திக்கும் இவ்வளவு என்று என் பணம் போன இடத்தைத் துறைவாரியாக, ஆம்புலன்ஸ் படம் அச்சாகும் அதே பக்கத்தில் பார்க்க விரும்புகிறேன்.