ஓட்டை கிரெடிட்டும் ஓடுகிற வீடும்

பழைய ஆர்வி ஒன்றைக் கடனில் வாங்கி அதிலேயே குடியிருக்கலாமா, கிரெடிட் ஸ்கோர் மட்டும் கொஞ்சம் மோசம் என்று இங்கே அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்களே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். வேலை போனவர்கள், விவாகரத்து ஆனவர்கள், ஆஸ்பத்திரி பில்லில் மூழ்கியவர்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி முடியவில்லை, அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். ஆர்வியில் வாழுங்கள், தாராளமாக. ஆனால் ஸ்கோர் தரையில் கிடக்கும்போது அந்த வண்டியின் பேரில் கடன் வாங்காதீர்கள்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு: ஆர்வி என்றால் கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. சொந்த எஞ்சினோடு ஓடுவது மோட்டார் ஹோம். பிக்கப் டிரக்கின் பின்னால் மாட்டி இழுத்துப் போவது டிரெய்லர். கிரெடிட் ஸ்கோர் என்பது கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறோம் என்பதற்கான மதிப்பெண், நம்ம ஊர் சிபில் மாதிரிதான். இங்கே ஃபைகோ ஸ்கோர் 300-இல் தொடங்கி 850 வரை போகும். 580-க்குக் கீழே போனால் 'மோசம்' என்ற பட்டியலில் சேர்த்துவிடுவார்கள்.

வாடகை வீட்டில் மூன்று மாதம் வாடகை தரவில்லை என்றால் என்ன ஆகும்? வீட்டுக்காரர் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், கோர்ட்டுக்குப் போக வேண்டும், தீர்ப்பு வாங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வெளியேற்ற முடியும். ஏழைக்கு இந்த நாட்டில் இருக்கும் சில பாதுகாப்புகளில் அது ஒன்று. ஆர்வி கடனில் அது கிடையாது. உங்களுக்கு அது வீடு, சட்டத்துக்கு அது அடமானத்தில் இருக்கும் வண்டி. பெரும்பாலான மாநிலங்களில் டியூ தவறினால் கோர்ட் உத்தரவே இல்லாமல் வண்டியைத் தூக்கலாம். பூட்டை உடைக்கக் கூடாது, அடிதடி கூடாது என்பது போன்ற சில நிபந்தனைகள்தான். தூக்கிப் போய் ஏலம் விடுவார்கள். ஏலத்தில் வந்த பணம் கடனுக்குப் போதவில்லை என்றால் மீதியையும், வண்டியைத் தூக்கிய செலவையும் சேர்த்து உங்களிடமே கேட்பார்கள். வீடும் போய், வீட்டுக்கான கடன் மட்டும் பாக்கி நிற்கும்.

இது நான் பார்க்காத கதை இல்லை. கிடங்கில் என்னோடு இரவு ஷிப்ட் பார்த்த ஒரு வெள்ளைக்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர், இப்படி ஒரு மோட்டார் ஹோமில் குடியிருந்தார். கூரை ஒழுகி, அதைச் சரிசெய்யப் பணம் போட்டதில் டியூ விட்டுப்போனது. ஒருநாள் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் பார்க்கிங்கில் வண்டி இல்லை. உள்ளே ஃபிரிட்ஜில் அவருடைய இன்சுலின் இருந்தது. உள்ளே இருக்கும் சொந்தப் பொருட்களைத் திருப்பித் தந்தாக வேண்டும் என்பது சட்டம். ஆனால் வண்டியை நிறுத்தி வைத்திருக்கும் யார்டு எப்போது திறக்கிறதோ அப்போதுதான் போய் எடுக்க முடியும். வெள்ளிக்கிழமை இரவு தூக்கினால் திங்கள்கிழமை வரை நீங்கள் போட்டிருக்கும் சட்டைதான் உங்கள் சொத்து.

சரி, ஒழுங்காக டியூ கட்டுகிறவர் என்றே வைத்துக்கொள்வோம். கணக்கைப் பாருங்கள். 20,000 டாலர் கடன், 10 வருடம், வட்டி 18 சதவீதம். மோசமான ஸ்கோருக்கு இதெல்லாம் அதிசயமான வட்டி இல்லை. மாதம் சுமார் 360 டாலர் வரும். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், வாடகையில் கால்வாசிகூட இல்லையே என்று தோன்றும். மூன்று வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினால் கிட்டத்தட்ட 13,000 டாலர் கட்டியிருப்பீர்கள். அசலில் எவ்வளவு குறைந்திருக்கும்? 2,900-கூட இல்லை. இன்னும் 17,000-க்கு மேல் பாக்கி. அதே மூன்று வருடத்தில் வண்டியின் விலை தன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டே போயிருக்கும். விற்றுக் கடனை அடைக்கலாம் என்றால் விற்ற பணம் போதாது, கையிலிருந்து போட வேண்டும். பத்து வருடமும் முழுதாகக் கட்டினால் 43,000 டாலர் ஆகிறது. நல்ல ஸ்கோர் உள்ளவர் 8 சதவீதத்துக்கு வாங்கினால் அதே வண்டிக்கு 29,000-த்தோடு முடித்துவிடுவார். இல்லாதவனிடம்தான் அதிகம் வாங்குவது என்பது நம்ம ஊர் மீட்டர் வட்டிக்காரருக்கு மட்டும் உள்ள குணம் இல்லை.

இதற்கு மேல் டீலரின் ஃபைனான்ஸ் அறை இருக்கிறது. அங்கே யாரும் மொத்தம் எவ்வளவு என்று பேச மாட்டார்கள். 'மாசம் உங்களால எவ்வளவு முடியும்?' என்பதுதான் முதல் கேள்வி. நீங்கள் 400 என்றால், வருடங்களை இழுத்து, கூடுதல் வாரண்டி, டயர் காப்பீடு என்று நாலைந்தைச் செருகிச் சரியாக 398-இல் கொண்டுவந்து நிறுத்துவார்கள். கடன் கொடுக்கும் நிறுவனம் சொன்ன வட்டிக்கு மேல் டீலர் தன் பங்குக்கு ஒன்றிரண்டு சதவீதம் ஏற்றி வைப்பதும் இந்தத் தொழிலில் சகஜம். கையெழுத்துப் போடுவதற்கு முன் 'எனக்கு இந்தக் கடனைக் கொடுப்பது யார், அவர்கள் எனக்குச் சொன்ன வட்டி என்ன' என்று கேளுங்கள். முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

அந்த விண்ணப்பத்தில் ஒரு கேள்வி வரும்: இதை நிரந்தரக் குடியிருப்பாகப் பயன்படுத்துவீர்களா? ஆமாம் என்று சொன்னால் பெரும்பாலான வங்கிகள் அங்கேயே கதவைச் சாத்திவிடும். ஆர்வி கடன் என்பது சொந்த வீடு வைத்துக்கொண்டு விடுமுறைக்கு ஊர் சுற்றுகிறவர்களுக்காக வடிவமைத்தது. நிலையான முகவரி இல்லாதவரை எங்கே போய்த் தேடுவது என்பது வங்கியின் பயம். தினமும் சமைத்துக் குளித்து வாழ்ந்தால் வண்டி சீக்கிரம் தேயும் என்பது இன்னொரு பயம். இரண்டையும் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. உடனே விற்பனை ஆள் தோளில் கைபோட்டு, 'இல்லைன்னு போட்டுடுங்க, யாரு வந்து பார்க்கப் போறாங்க' என்பார். போடாதீர்கள். வங்கிக் கடன் விண்ணப்பத்தில் தெரிந்தே பொய் சொல்வது இங்கே ஃபெடரல் குற்றம். இன்சூரன்ஸும் அந்தப் பொய்யைத் தொடர்ந்து வரும். விடுமுறைப் பயன்பாட்டுக்கான பாலிசியை வைத்துக்கொண்டு முழுநேரமும் குடியிருந்தால், தீப்பிடித்த அன்றைக்கு க்ளெய்மை நிராகரிக்க அவர்களுக்கு அது ஒன்றே போதும். முழுநேரம் குடியிருப்பவர்களுக்கென்று தனி பாலிசி இருக்கிறது, விலை அதிகம். அதையும் பட்ஜெட்டில் சேர்க்க வேண்டும்.

இன்னொரு கொடுமை வண்டியின் வயது. பத்து, பதினைந்து வருடத்துக்கு மேல் பழைய வண்டிக்குப் பல வங்கிகள் கடனே தராது. அதனால் கடனில் வாங்குகிறவர் தன் சக்திக்கு மீறிய புது வண்டிக்குத் தள்ளப்படுகிறார். சரி, ரொக்கத்தில் பழையதை வாங்கலாம் என்றால், பத்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளை உள்ளே விடாத ஆர்வி பார்க்குகள் (வாடகை கொடுத்து வண்டியை நிறுத்திக் குடியிருக்கும் இடங்கள்) ஏராளம். சில பார்க்குகளில் வண்டியின் புகைப்படம் கேட்டுப் பார்த்துவிட்டு உள்ளே விடுவார்கள். ஆகவே வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே எங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்று முடிவு செய்து, அந்த பார்க்குக்குப் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். அரிசோனாவின் குவார்ட்ஸைட் பக்கம் பாலைவனத்தில் அரசு நிலத்தில் குளிர்காலம் முழுக்கக் குறைந்த கட்டணத்தில் தங்கலாம், வண்டியின் வயதை அங்கே யாரும் கேட்பதில்லை. ஆனால் அங்கே இருந்துகொண்டு எந்த வேலைக்குப் போவீர்கள் என்பது வேறு கேள்வி.

அப்படியென்றால் என்னதான் செய்வது? கடன் இல்லாமல் வாங்கக்கூடிய அளவுக்கு ஆசையைச் சுருக்குங்கள். நகராமல் ஒரே பார்க்கில் இருக்கப் போகிறீர்கள் என்றால் எஞ்சின் உள்ள மோட்டார் ஹோம் எதற்கு? பழைய டிரெய்லர் போதும், ஒரு தடவை இழுத்துக்கொண்டு வந்து விட ஆளை வைத்துக்கொள்ளலாம். கையில் பாதிப் பணம்தான் இருக்கிறது என்றால் வண்டியை அடமானம் வைக்காத சின்னத் தனிநபர் கடன், அதுவும் கிரெடிட் யூனியனில், அதாவது உறுப்பினர்களுக்குச் சொந்தமான கூட்டுறவு வங்கி மாதிரியான இடத்தில். ஃபெடரல் கிரெடிட் யூனியன்கள் 18 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்று உச்சவரம்பு இருக்கிறது. அதே 18 தானே என்பீர்கள். ஆமாம், அதே 18 தான், ஆனால் தொகை சிறியது, இரண்டு மூன்று வருடத்தில் முடிந்துவிடும். டியூ தவறினால் அவர்கள் உங்கள் மேல் வழக்குதான் போட முடியும், ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைத் தூக்க முடியாது.

கூடவே உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டை, அதாவது உங்கள் கடன் வரலாற்றை, எடுத்துப் பாருங்கள். அதைத் தொகுக்கும் நிறுவனங்களான எக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றும் வாரத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தருகின்றன. உங்களுடையதே இல்லாத கடன், கட்டி முடித்தும் பாக்கி என்று நிற்கும் கணக்கு, இப்படி ஏதாவது இருந்தால் எழுதிக் கொடுங்கள், விசாரித்துத் திருத்த வேண்டியது அவர்கள் கடமை. பழைய கறைகள் பொதுவாக 7 வருடத்தில் தானாக விழுந்துவிடும். ஆறாவது வருடத்தில் நிற்கிறவர் ஒரு வருடம் பொறுக்கலாமே.

பொறுக்க முடியாதவர்களும் இருக்கிறார்கள், தெரியும். லாஸ் ஏஞ்சலஸில் இரண்டு பிள்ளைகளோடு காரில் தூங்குகிறவரிடம் போய் ஸ்கோரை ஏற்றிவிட்டு வா என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவருக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. மேலே சொன்ன கணக்கு தெரிந்து, வேறு வழியே இல்லாமல் கையெழுத்துப் போடுகிறார் என்றால் அது அவர் முடிவு.

வண்டி பார்க்கப் போகும்போது உள்ளே இருக்கும் புது சோபா, எல்இடி விளக்கையெல்லாம் விட்டுவிடுங்கள். கட்டிலுக்கு மேலே இருக்கும் அலமாரியைத் திறந்து, உள்மூலையில் கட்டைவிரலால் அழுத்துங்கள். பிளைவுட் பிஸ்கட் மாதிரி உள்ளே போனால் கூரையிலிருந்து தண்ணீர் இறங்கி நாளாகிவிட்டது. வாசலிலும் கக்கூஸைச் சுற்றியும் தரை மிதித்தால் அமுங்குகிறதா என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2317 என்றால் 2017-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்த டயர், பட்டன் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் மாற்றியாக வேண்டும். அப்புறம் ஏணி போட்டுக் கூரைமேல் ஏறிப் பார்க்க விடாத ஆளிடம் பேரம் பேசவே வேண்டாம். இன்பாக்ஸில் எனக்குப் படம் அனுப்பி 'இது எப்படி அண்ணா' என்று கேட்பவர்களும் தயவுசெய்து முதலில் கூரையைப் படம் எடுத்து அனுப்புங்கள், சோபாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.