ஈபிள் கோபுரம் இருண்டது முதல்முறையா?

"1889க்குப் பிறகு முதல்முறையாக ஈபிள் கோபுரத்தின் விளக்குகள் அணைந்தன." 2015 நவம்பர் 13 பாரிஸ் தாக்குதலையொட்டிப் பரவிய இந்த வரி தவறு. ட்விட்டரில் அதைப் போட்டது ஒரு கேலிக் கணக்கு; பல்லாயிரம் பேர் உருகிப்போய்ப் பகிர்ந்தார்கள். அப்போதெல்லாம் கோபுர விளக்குகள் தினமும் நள்ளிரவு தாண்டி 1 மணிக்கு அணைந்துவிடும். சார்லி ஹெப்டோ என்ற பிரெஞ்சு நையாண்டி வார இதழின் அலுவலகம் தாக்கப்பட்டதற்கு மறுநாள், அதே ஆண்டு ஜனவரி 8 இரவு 8 மணிக்கு, அஞ்சலிக்காகவும் அணைத்தார்கள். நவம்பர் தாக்குதலுக்கு மறுநாள், 14ஆம் தேதி இரவு, கோபுரம் துக்கத்துக்காக இருண்டது உண்மை. 'முதல்முறை' என்பதுதான் ஒட்டுவேலை. அப்புறம், நவம்பர் 13 தாக்குதல் நடந்த இரவில் பகிர வேண்டிய செய்தி வேறு இருந்தது: தெருவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு, 'கதவு திறந்திருக்கிறது' என்று பிரெஞ்சில் ஹேஷ்டேக் போட்டுப் பாரிஸ்வாசிகள் தங்கள் வீட்டில் தங்க இடம் கொடுத்தார்கள்.