அந்தக் கிளிப்பைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

அந்த வீடியோவை நான் இங்கே பகிரப் போவதில்லை. நம் பக்கத்து ஆட்களில் பாதிப் பேர் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள், மீதிப் பேருக்கு யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள். கடலில் மூழ்கிப் பாசி எடுத்துவிட்டுக் கரையேறிய ஒரு அம்மா, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு பச்சை பிளாஸ்டிக் கிளிப், போனை நீட்டிக்கொண்டு "ஆத்தா, இது என்ன புது நகையா?" என்று கேட்கும் ஒரு தம்பி, "மண்டையிடிக்கு மாட்டுனேன் தம்பி, கொஞ்சம் கேக்குது" என்று அந்த அம்மா பொறுமையாகச் சொன்ன பதில், பின்னால் நாலைந்து பேரின் சிரிப்புச் சத்தம். அவ்வளவுதான். பாம்பனிலிருந்து கீழக்கரை வரைக்கும் எல்லாக் குழுக்களிலும் சுற்றுகிறது. அதன் கீழே "படிப்பறிவு இல்லாட்டி இப்படித்தான்" என்று எழுதியவர்களில் நான் மதிக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த அம்மாவுக்குத் தலைவலி. வீடியோவில் அவர் சொன்னதே அது ஒன்றுதான். அத்தனை கமெண்டுகளில் ஒருவர்கூட "எத்தனை நாளா வலிக்குதாம்?" என்று கேட்கவில்லை. எல்லாருக்கும் கிளிப் தெரிந்தது, தலைவலி தெரியவில்லை.

கிளிப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் அதை விற்கக் கிளம்பிவிட்டேன் என்று கமெண்ட் வரும். அது அழுத்தும் இடத்துக்குச் சீன மருத்துவத்தில் ஹெகு என்று பெயர், பெருங்குடல் நாடியின் நான்காவது புள்ளி. தலைவலிக்கும் பல்வலிக்கும் அந்த இடத்தை அழுத்துவது பழைய வழக்கம். கையால் எவ்வளவு நேரம்தான் அழுத்த முடியும், அதற்காகத்தான் கிளிப். உள்ளே மருந்து இல்லை, பேட்டரி இல்லை, இரண்டு பக்கமும் குமிழ் வைத்த பிளாஸ்டிக், அவ்வளவுதான். தலைவலியைக் குணப்படுத்தும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஊசி குத்தும் அக்குபங்சர், மைக்ரேன் என்னும் ஒற்றைத் தலைவலி வரும் நாட்களைக் குறைக்கிறதா என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து காக்ரேன் அமைப்பு 2016-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஓரளவு குறைகிறது, ஆனால் உண்மையான ஊசிக்கும் பெயருக்குக் குத்தும் ஊசிக்கும் உள்ள வித்தியாசம் சிறியது என்பதுதான் அதன் சாரம். அது ஊசியைப் பற்றியது. அதைக் காட்டிக் கிளிப்பை விற்பது ஏமாற்று வேலை. நான் இதை மறைக்கவில்லை, பாருங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். கர்ப்பிணிகள் இந்தப் புள்ளியை அழுத்தக் கூடாது என்பது அக்குபங்சர்காரர்களே காலங்காலமாகச் சொல்லிவரும் எச்சரிக்கை. வீடு வீடாக வந்து விற்பவர்கள் அதைச் சொல்கிறார்களா? எங்கள் தெருவுக்கு வந்தவர் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக "பிரஷர் மாத்திரையைக்கூட நிறுத்திரலாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நானும் சேர்ந்து பகிர்ந்திருப்பேன். விற்றவரை விட்டுவிட்டார்கள், வாங்கிய அம்மாவைப் பிடித்துக்கொண்டார்கள்.

"உடம்புல மாட்டுறது எல்லாமே மூடநம்பிக்கை" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். நெற்றியில் ஒட்டிக்கொண்டு மெல்லிய மின்துடிப்பால் ட்ரைஜெமினல் என்ற முக நரம்பைத் தூண்டும் செஃபாலி என்ற கருவிக்கு, மைக்ரேன் வராமல் தடுக்கப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2014 மார்ச்சில் அனுமதி கொடுத்தது. அதுவும் உடம்பில் மாட்டுவதுதான். அதை யாராவது அமெரிக்காவில் மாட்டியிருந்தால் இதே தம்பி டெக்னாலஜி என்று பகிர்ந்திருப்பார். கிளிப்பும் அதுவும் ஒன்று என்று நான் சொல்லவே இல்லை. சோதித்துப் பார்க்கும் பொறுமை இல்லாமல் ஆளைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள் என்கிறேன்.

எங்கள் அம்மாவும் பாசிக்குப் போனவர்தான். இங்கே பலருக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விடியுமுன் எழுந்து, ஒரு வாய் டீயோடு வள்ளம் ஏறி, விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்ற பாசி வகைகளைப் பிடுங்கிக்கொண்டு வருவார். அவருக்கு மண்டையிடி வந்தால் பழைய துண்டைக் கயிறு மாதிரி முறுக்கி நெற்றியைச் சுற்றி இறுக்கிக் கட்டுவார், கண்ணோரம் வீங்கும் அளவுக்குக் கட்டுவார், அப்புறம் சுக்கு அரைத்துப் பத்து போட்டுக்கொண்டு மீன் ஆய உட்காருவார். நான் பிறந்த நாளிலிருந்து அந்தத் துண்டைப் பார்க்கிறேன். அதுவும் அழுத்தம்தானே? அதையும் யாராவது வீடியோ எடுத்துச் சிரித்திருப்பார்களோ, அப்போது போன் இல்லை, தப்பித்தார்.

துண்டு போதாத நாட்கள் அதிகமானபோது பெட்டிக்கடையில் மாத்திரை வாங்க ஆரம்பித்தார். கடலுக்குப் போகும்முன் ஒன்று, வந்தபின் ஒன்று. பிறகு அது தினமும் ஆனது. மாத்திரை கூடக்கூட வலியும் கூடியதே தவிரக் குறையவில்லை. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ சாதாரண வலி மாத்திரை எடுத்து, அது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், அந்த மாத்திரையே தலைவலியைத் தினசரி ஆக்கிவிடலாம். சில வகை மாத்திரைகளுக்கு 10 நாளே போதும். இது மருத்துவப் புத்தகத்தில் தெளிவாக இருக்கிற விஷயம். எங்கள் அம்மாவிடம் இதை ஒரு மனிதர் சொல்லவில்லை. மாத்திரை விற்ற கடைக்காரர், அம்மாவைப் பார்த்த டாக்டர்கள், முகாம் போட வந்தவர்கள், யாரும் "ஒரு மாசத்துல எத்தனை மாத்திரைம்மா போடுறீங்க?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அந்த மாத்திரையோடு ஒப்பிட்டால், வீடியோவில் இருந்த அம்மாவின் கிளிப் எவ்வளவோ மேல். ஆம், மேல் என்றுதான் சொல்கிறேன், ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றைப் புண்ணாக்காது, கிட்னிக்குப் போகாது.

பாசிக்குப் போகிறவர்களுக்கு ஏன் இவ்வளவு தலைவலி என்று யாராவது யோசித்தீர்களா? நீச்சல் கண்ணாடியும் ஹெல்மெட்டும் இறுக்கிப் பிடிப்பதால் வரும் தலைவலிக்குப் பன்னாட்டுத் தலைவலி வகைப்பாட்டில் தனி இடமே இருக்கிறது. அப்புறம் வெயில், தண்ணீரின் மேல் பட்டுக் கண்ணில் அடிக்கும் வெளிச்சம், வெறும் வயிறு. இதையெல்லாம் விட முக்கியமானது தண்ணீர். நம் பெண்கள் வள்ளத்தில் போகும்போது தண்ணீர் குடிக்க மாட்டார்கள். குடித்தால் ஒதுங்க எங்கே போவது? காலையில் ஏறியவர் திரும்பி வரும்வரை வாயை நனைத்துக்கொள்வதோடு சரி. உடம்பில் தண்ணீர் வற்றினால் தலைவலி வரும், மைக்ரேன் இருப்பவருக்கு அதையும் கிளப்பிவிடலாம். இதற்குக் கிளிப்பும் தீர்வில்லை, மாத்திரையும் தீர்வில்லை. கரையில் ஒரு கழிப்பறை கட்டிக் கொடுத்தால் பாதித் தலைவலி குறையும் என்று நான் சொன்னால் அதற்கும் சிரிப்பீர்களா?

எனக்கும் மைக்ரேன் உண்டு. அம்மா வழி வந்தது, இது குடும்பத்தில் ஓடும். உலகம் முழுக்கவே ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு மூன்று மடங்கு அதிகம். சும்மா விட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை இருக்கும். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஜன்னலைச் சாத்திவிட்டு மேஜையில் தலை கவிழ்ந்து கிடந்தபோது "எல்லாருக்கும்தான் தலை வலிக்குது, நாங்க கிளாஸ் எடுக்கலையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்கள். வாந்தி எடுத்துவிட்டு வந்து பாடம் நடத்தினேன். அந்தக் கேள்வி இன்றுவரை என் காதில் இருக்கிறது. ஒரு டாக்டர் நான் நாற்காலியில் உட்காரும் முன்பே மருந்துச் சீட்டு எழுதிவிட்டார். இன்னொருவர் "கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்" என்றார். ஸ்கேன் எடுத்தோம், ஒன்றும் இல்லை என்று வந்தது, வீட்டில் எல்லாரும் "அதான் ஒண்ணுமில்லையே" என்றார்கள். மைக்ரேனுக்குப் பெரும்பாலும் ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. நோயாளி சொல்வதைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். மதுரையில் ஒரு நரம்பியல் டாக்டர் எந்தப் பக்கம், எப்படித் துடிக்கும், வெளிச்சம் கூசுமா, மாதவிடாய் நேரத்தில் கூடுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் பதில் சொல்லிக்கொண்டே அழுதுவிட்டேன். மருந்து அதற்கு அப்புறம்தான். முதல் முறையாக ஒரு ஆள் என்னை நம்பினார்.

சரி, இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

"நீ போலி மருத்துவத்துக்கு வக்காலத்து வாங்குற." மேலே இரண்டு பத்தி அதற்காகவே எழுதியிருக்கிறேன், படியுங்கள். விற்பவரைப் பிடியுங்கள், நோட்டீஸில் பொய் எழுதியிருந்தால் புகார் கொடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் யாரையும் நான் ஆதரிக்கவில்லை. ஆனால் பணம் கொடுத்து ஏமாந்தவரையே கேலிக்கு ஆளாக்குவது அறிவியல் பிரச்சாரம் ஆகாது. அடுத்த முறை அந்த அம்மா எதை வாங்கினாலும் யாரிடமும் சொல்லாமல் மறைத்துத்தான் பயன்படுத்துவார். டாக்டரிடமும் சொல்ல மாட்டார். இதுதான் உங்கள் பகுத்தறிவு சாதித்தது.

"அதெல்லாம் பிளாசிபோ." அதாவது, நம்பிக்கையால் மட்டும் வரும் நிவாரணம் என்கிறார்கள். இருக்கட்டும். வலி குறைந்ததாக அவர் சொன்னால் குறைந்ததுதான், அவர் தலை.

"அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கே, போக வேண்டியதுதானே?" இதைக் கேட்டவர் ஒரு நாள் பாசிக்குப் போய்ப் பார்க்கட்டும். ராமநாதபுரத்துக்கு 2022-இல் மருத்துவக் கல்லூரி வந்தது, எனக்கும் அதில் சந்தோஷம்தான், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பாம்பன் தீவிலிருந்து கிளம்பிப் போய், வரிசையில் நின்று, திரும்பி வந்தால் ஒரு நாள் வருமானம் போச்சு. அமாவாசை, பௌர்ணமி ஒட்டி நீர் வற்றும் நாட்களில்தான் நல்ல பாசி எடுக்க முடியும், அந்த நாளை விட்டுவிட்டுத் தலைவலிக்குப் போ என்றால் யார் போவார்? நெஞ்சுவலி என்றால் வீட்டில் வண்டி பிடிப்பார்கள். தலைவலி என்றால் "படுத்து எந்திரி" என்பார்கள்.

"வீடியோ சும்மா ஜாலிக்கு எடுத்தது." இதற்கு நான் பதில் சொல்ல விரும்பவில்லை.

எங்கள் கரைக்குக் கேமரா வருவது புதிது கிடையாது. 1986-இல் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளையும் சுற்றிக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்ததிலிருந்து, பவளம் பார்க்க வருபவர்கள், கடற்பசு பார்க்க வருபவர்கள், கடலுக்குள் மூழ்கும் பெண்கள் என்று படம் எடுக்க வருபவர்கள் என யாராவது வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். தீவுப் பக்கம் போகாதே என்று சொல்ல வனத்துறை வரும். எங்கள் பெண்களின் கைவிரல் வெட்டுக்காயத்தை அழகாகப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அதே கைதான் இது. பாறையும் சிப்பியும் கிழித்த அதே கையில் ஒரு கிளிப்பை மாட்டினால் மட்டும் சிரிப்பு வருகிறது. அந்தக் காயத்தின் மேல் கிளிப் அழுத்தினால் எப்படி எரியும் என்று உங்களில் யாருக்காவது தோன்றியதா? அந்த எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு அவர் மாட்டியிருக்கிறார் என்றால் தலைவலி எப்படி இருந்திருக்கும்?

இதற்கு மேல் எழுதினால் கோபம்தான் வரும். இதைப் படிக்கும் பாசிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் கொஞ்சம் சொல்கிறேன். கிளிப் மாட்டினாலும் சரி, துண்டு கட்டினாலும் சரி, அம்மாவோடு சண்டை போடாதீர்கள். பிரஷர் மாத்திரையை மட்டும் நிறுத்தவிடாதீர்கள். திடீரென்று இடி விழுந்த மாதிரி இதுவரை வராத வலி வந்தால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், வாய் குழறினால், கைகால் சோர்ந்தால், தலையில் அடிபட்டபின் வலித்தால், கர்ப்பிணிக்குத் தலைவலியோடு கண் மங்கினால், வேறு எதையும் மாட்டிப் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். 50 வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி தொடங்கினாலும் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

மற்ற தலைவலிக்கு, வீட்டில் தொங்கும் தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்துப் போட்டுவிடாமல் வலி வந்த நாளின் தாளை எடுத்து வையுங்கள். அதன் பின்னால் எத்தனை மணிக்கு வந்தது, என்ன சாப்பிட்டார், எத்தனை மாத்திரை போட்டார் என்று எழுதுங்கள். அம்மாவுக்கு எழுத வராவிட்டால் நீங்கள் கேட்டு எழுதுங்கள். இரண்டு மாதம் சேர்ந்ததும் அந்தத் தாள்களோடு டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அவர் அவற்றைப் பார்க்காமலே மாத்திரை எழுதினால், எழுந்து வந்து வேறு டாக்டரைப் பாருங்கள். கூட வர ஆள் வேண்டும் என்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாட்களில் பள்ளி விட்டதும் நான் வருகிறேன்.