14 பேர், ஒரு புள்ளி

2023 ரக்பி உலகக் கோப்பை இறுதியில் நியூசிலாந்து தோற்றதைக் கேலி செய்யும் அந்தப் போஸ்டரைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஞாயிறு மதியத்திலிருந்து ஆக்லாந்தில் நம்மவர்கள் இருக்கும் அத்தனை குழுக்களிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இன்று காலை என் மனைவியின் தோழி ஒருவர், ரக்பி என்றால் என்னவென்றே தெரியாதவர், "உங்க ஊர்ல செம காமெடியாமே" என்று சென்னையிலிருந்து அதையே அனுப்பினார். அதோடு பொறுமை போய்விட்டது.

நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நியூசிலாந்து கேப்டன் சாம் கேன் கோட்டுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கீழே, "தென்னாப்பிரிக்காவின் 16வது ஆட்டக்காரருக்கு நன்றி." செய்தவர் யாரென்று சொல்ல மாட்டேன். நல்ல மனிதர், என் வீட்டில் சாப்பிட்டவர், நானும் அவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். சிரிப்புக் குறி போட்டவர்களின் பட்டியலையும் பார்த்தேன். பாதிப்பேர் எனக்கு நெருக்கமானவர்கள். சரி, சிரித்து முடித்துவிட்டீர்கள் என்றால் ஸ்கோரை ஒருமுறை பாருங்கள். தென்னாப்பிரிக்கா 12, நியூசிலாந்து 11.

உலகக் கோப்பை இறுதிப் போட்டி. 28வது நிமிடத்தில் கேப்டன் அட்டை வாங்கி வெளியே, திரும்ப வரவே இல்லை. கிட்டத்தட்ட 50 நிமிடம் 15க்குப் பதில் 14 பேர். தோற்றது ஒரு புள்ளியில். நடுவில் பத்து நிமிடம் தென்னாப்பிரிக்காவின் கோலிசியும் கடைசியில் கோல்பியும் மஞ்சள் அட்டையில் வெளியே உட்கார்ந்திருந்தார்கள், தெரியும். யாராவது எடுத்துக்கொண்டு வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் 58வது நிமிடத்தில் நம் போடன் பேரட் ஓரத்தில் ட்ரை வைத்தபோது (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது, ஐந்து புள்ளி) எதிரே முழுதாக 15 பேர் நின்றார்கள். உலகக் கோப்பை இறுதிப் போட்டிகளில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக எவரும் வைத்த முதல் ட்ரை அது. இடைவேளையில் 12-6. அதற்கப்புறம் தென்னாப்பிரிக்கா ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. திரும்பப் படியுங்கள், ஒரு புள்ளிகூட. 14 பேர் நாற்பது நிமிடம் உலக சாம்பியன்களைப் பூஜ்யத்தில் நிறுத்தினார்கள். இதுதான் உங்களுக்குக் காமெடி.

இந்த அணி வந்த வழியையும் பாருங்கள். ஆகஸ்ட் கடைசியில் லண்டன் ட்விக்கனத்தில் இதே தென்னாப்பிரிக்காவிடம் 35-7. ஆல் பிளாக்ஸ், அதாவது நியூசிலாந்து அணியின் வரலாற்றில் அதுவரை இல்லாத மோசமான தோல்வி. செப்டம்பரில் முதல் ஆட்டத்திலேயே பிரான்ஸிடம் 27-13. உலகக் கோப்பைக்கு முன்பே அடுத்த பயிற்சியாளரை அறிவித்துவிட்டதால், போகப்போகிறவர் என்று எல்லோருக்கும் தெரிந்த பயிற்சியாளரோடுதான் இந்த அணி பிரான்ஸுக்கே போனது. காலிறுதியோடு மூட்டை கட்டிவிடுவார்கள் என்று எழுதியவர்களில் நம் குழு மேதைகளும் உண்டு, ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறது. அயர்லாந்து தொடர்ந்து 17 ஆட்டம் ஜெயித்துவிட்டு வந்து நின்றது. அவர்களை 28-24 என்று வீட்டுக்கு அனுப்பியது இதே அணி. கடைசியில் அயர்லாந்து 37 கட்டம் (ஒருவர் பந்தோடு மோதி விழ, அடுத்தவர் எடுத்து மோதுவது ஒரு கட்டம்) பந்தை விடாமல் மோதியது. ஒருவர்கூட விதி மீறாமல் தடுத்துக்கொண்டே இருந்தார்கள், நம் வைட்லாக் பந்தைப் பிடுங்கும்வரை. அன்று கேப்டன் யார்? நடு ஆட்டத்தில் டேக்கிள் மேல் டேக்கிளாக அடித்து விழுத்திக்கொண்டிருந்தது யார்? அந்த ஞாயிற்றுக்கிழமை போட்ட ஸ்டேட்டஸ்களை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறீர்களே, போய்ப் பாருங்கள்.

இன்னொன்று. இறுதிப் போட்டிக்கு முந்தைய இரவு தர்மசாலாவில் ஆஸ்திரேலியாவிடம் கிரிக்கெட்டில் நம் நியூசிலாந்து தோற்றது. அவர்கள் 388, நாம் 383. ஐந்து ரன். பாதி ராத்திரி தாண்டி விழித்திருந்து பார்த்துவிட்டு, காலை எட்டு மணிக்கு ரக்பிக்கு உட்கார்ந்த ஜென்மங்களில் நானும் ஒருவன். கிரிக்கெட் முடிந்ததும் குழுவில் என்ன வந்தது? "என்ன ஒரு ஆட்டம்!" "தலை நிமிர்ந்து நிற்கலாம்!" ரச்சின் ரவீந்திரா 116 அடித்ததற்கு "நம்ம பையன்" என்று இதயம் இதயமாகப் போட்டுத் தள்ளினீர்கள். போட வேண்டியதுதான், அபாரமான ஆட்டம். ஐந்து ரன்னில் தோற்றால் தலை நிமிர்கிறது. சில மணி நேரம் கழித்து, ஓர் ஆள் குறைவாக ஆடி ஒரு புள்ளியில் தோற்றால் போஸ்டர் வருகிறது. இது என்ன கணக்கு?

"அட்டை வாங்கியது அவர் தப்புதானே?" என்று கேட்பீர்கள். ஆமாம், அவர் தப்புதான். யார் இல்லை என்றது? தென்னாப்பிரிக்காவின் ஜெஸ்ஸி கிரீல் பந்தோடு வரும்போது கேன் நிமிர்ந்தே நின்றார், தோள் நேராகத் தலையில் பட்டது. மஞ்சள் கொடுத்து, வீடியோ பார்த்து முடிவு செய்யும் பங்கருக்கு அனுப்பினார்கள், அங்கே சிவப்பாக்கினார்கள். சரியான முடிவு. ஆண்கள் உலகக் கோப்பை இறுதியில் முதல் சிவப்பு அட்டை நம் கேப்டனுக்கு என்பது வலிக்கிறது, அதற்காக முடிவு தவறாகிவிடாது. டேக்கிள் தப்பு என்பது வேறு, அந்த ஆள் துரோகி என்பது வேறு. இது புரிய ரக்பிகூடத் தெரிய வேண்டாம்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், என் பெரியவன். பள்ளி அணியில் 7ஆம் எண் போட்டு ஆடுகிறான், கேன் ஆடும் அதே இடம். ஒரு குளிர்காலச் சனிக்கிழமை, சேறும் சகதியுமான மைதானத்தில், எதிரணிப் பையன் ஒருவன் நிமிர்ந்தபடியே வந்து மோதினான். இவன் எழுந்து நின்றான், நடந்தான், கட்டை விரலைக்கூட உயர்த்திக் காட்டினான். அந்த ரெஃப்ரிக்கு எங்கே என்ன பொறி தட்டியதோ, அருகில் வந்து இரண்டு கேள்வி கேட்டுவிட்டு நீல அட்டையை எடுத்தார். மூளை அதிர்ச்சி சந்தேகம் என்றால் இங்கே நீல அட்டை, அதோடு ஆட்டம் முடிந்தது, குறைந்தது மூன்று வாரம் மைதானம் பக்கமே போகக்கூடாது. எதிரணிப் பையனின் அப்பா கோட்டோரம் நின்று ரெஃப்ரியைத் திட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்திலும் ஒருவர் "அவன் நல்லாத்தானே இருக்கான்" என்று கத்தினார். காரில் வரும்போது பையன் "ஸ்கோர் என்னப்பா?" என்று கேட்டான். சொன்னேன். சிக்னலில் நின்றபோது திரும்பவும் அதையே கேட்டான். மோட்டர்வே ஏறியதும் மறுபடியும். அதற்குப் பிறகு நான் ஸ்டியரிங்கை எப்படிப் பிடித்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

மோதிய பையன் நல்லவன். ஆட்டம் முடிந்ததும் தானே வந்து மன்னிப்புக் கேட்டான். அவனுக்கு நாங்கள் யாரும் போஸ்டர் அடிக்கவில்லை.

ஆகவே "இதெல்லாம் சாஃப்ட் அட்டை, அந்தக் காலத்து ரக்பியில் இதெல்லாம் சகஜம்" என்று என்னிடம் வராதீர்கள். அந்தக் காலத்து ரக்பி கார்ல் ஹேமனை என்ன செய்தது? ஆல் பிளாக்ஸ் முன்வரிசையில் நின்ற மலை போன்ற மனிதர். நாற்பதைத் தொட்டதுமே டிமென்ஷியா, மறதி நோய். அந்தச் செய்தி வந்தபோது அழும் முகம் போட்டுப் பகிர்ந்தவர்களே இன்று "சாஃப்ட்" என்கிறார்கள்.

ஆட்டம் நாசமாகிவிட்டது என்று புலம்புபவர்களுக்கு ஈடன் பார்க் ஞாபகமிருக்கிறதா? 2022 நவம்பர், பெண்கள் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. இங்கிலாந்தின் லிடியா தாம்ப்சனுக்கு 18வது நிமிடத்தில் சிவப்பு. நம் போர்ஷியா வுட்மன் தலையில் அடிபட்டு வெளியே போய்விட்டார். மீதி நேரம் முழுக்க இங்கிலாந்து 14 பேர். நாம் 34-31 என்று ஜெயித்தோம். குடும்பம் குடும்பமாகப் போய்க் கூச்சல் போட்டோமே, அன்று "அட்டை ஆட்டத்தைக் கெடுத்துவிட்டது" என்று ஒருவர் வாயைத் திறந்தாரா? நமக்கு விழுந்த பிறகுதான் நியாயம் பிறக்கிறது.

அடுத்து, கோலிசி. "அவரும் நம்ம ஆர்டி சவேயா தலையில்தானே இடித்தார், அவருக்கு மட்டும் ஏன் மஞ்சளோடு விட்டார்கள்?" இரண்டையும் சாதாரண வேகத்தில் பாருங்கள். கோலிசி குனிந்து வந்தார், வேகம் குறைவு. அவ்வளவுதான். இதை நான் இனிமேல் யாரிடமும் விவாதிப்பதாக இல்லை.

அதே இறுதியில் ரத்தான நம் ஆரன் ஸ்மித்தின் ட்ரை, அது வேறு கதை. அதில் எனக்கும் வயிறு எரிகிறது. வெளியே போன பந்தை உள்ளே எறியும் லைன்அவுட்டில் சவேயா கையிலிருந்து பந்து முன்னால் போனது உண்மை, அது விதிப்படி தப்புதான். ஆனால் அது ட்ரைக்கு நான்கு கட்டம் முன்பு. அப்போதைய விதிப்படி, இரண்டு கட்டத்துக்கு மேல் பின்னால் போக டி.எம்.ஓ.வுக்கு, அதாவது வீடியோ நடுவருக்கு, அதிகாரமே இல்லை. போனார்கள், ட்ரையை எடுத்துக்கொண்டார்கள். ஸ்மித்துக்கு அது கடைசி டெஸ்ட். உலகக் கோப்பை இறுதியில் ட்ரை வைத்துவிட்டு விடைபெற்றிருக்க வேண்டிய மனிதர். நான் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, வீட்டில் திட்டு வாங்கி, அப்புறம்தான் நிறுத்தினேன். ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஐந்து புள்ளி!

பாருங்கள், எங்கேயோ போய்விட்டேன். கோபம் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. அதற்காக நடுவரின் குடும்பத்தைத் தேடிப்போய் மிரட்டுவதா? இறுதிப் போட்டி நடுவர் வெய்ன் பார்ன்ஸின் மனைவி கொலை மிரட்டல்களைப் பற்றி எழுதியதைப் படித்தீர்களா? 2007 உலகக் கோப்பையில் நாம் தோற்ற கார்டிஃப் காலிறுதியில் பிரான்ஸின் ஃபார்வர்டு பாஸை (பந்தை முன்பக்கம் எறிவது தப்பு) கவனிக்காமல் விட்டார் என்று இந்த நாடு அந்த மனிதரைப் பல வருடம் கரித்துக்கொட்டியது. இப்போது ஓய்வே பெற்றுவிட்டார். நிம்மதியாக இருக்கட்டும். அதே விஷத்தைத்தான் இங்கே ஜோக் என்ற பெயரில் கேன் மேல் ஊற்றுகிறோம்.

"ஜோக்குத்தானே சார், ஏன் இவ்வளவு சீரியஸ்?" இது எனக்கு நேராகவே வந்த கேள்வி. 2018இல் பிரிட்டோரியாவில் கழுத்தெலும்பு உடைந்து கிடந்த ஆள் அவர். கழுத்து, ஐயா. உயிரோடு எழுந்து நடந்ததே பெரிது என்று இருந்தவர் அடுத்த வருடம் திரும்பி வந்து அதே கழுத்தோடு டேக்கிள் அடித்தார். ஞாயிறு ஆட்டம் முடிந்து பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார்ந்து, இதை வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டும் என்கிற மாதிரிச் சொன்னார். அட்டையைக் குறை சொல்லவில்லை, பார்ன்ஸைக் குறை சொல்லவில்லை. அவ்வளவு பெரிய அவமானத்துக்குப் பிறகு ஒளிந்துகொள்ளாமல் வந்து பதில் சொன்னாரே, நம்மில் எத்தனை பேருக்கு அது வரும்? அலுவலகத்தில் ஒரு மின்னஞ்சல் தப்பாகப் போனால் அடுத்தவன் தலையில் கட்டப் பார்க்கிறோம்.

2020இல் அர்ஜென்டினாவிடம் தோற்றபோது, திட்டும் ரசிகர்கள் பலருக்கு ரக்பியே அவ்வளவாகத் தெரியாது என்று இதே கேன் சொல்லப்போய் ஊரே கொதித்தது. இந்த வாரம் நம் குழுவைப் பார்த்த பிறகு, அவர் ரொம்ப நாகரிகமாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று தோன்றுகிறது.

ரக்பியில் யார்மேல் பழி போடுவது என்றே தெரியவில்லை என்றால் இன்னும் இரண்டு பெயர் தருகிறேன். பேரட் வைத்த ட்ரைக்குப் பிறகு மொவுங்கா அடித்த கன்வர்ஷன், அந்த இரண்டு புள்ளி உதை, உள்ளே போகவில்லை. 73வது நிமிடத்தில் ஜோர்டி பேரட் கிட்டத்தட்ட 50 மீட்டரிலிருந்து அடித்த பெனால்டியும் உள்ளே போகவில்லை. இரண்டில் ஒன்று போயிருந்தாலும் அப்போதே நாம் முன்னால். அவர்களுக்கும் போஸ்டர் அடியுங்களேன். காலிறுதியில் அயர்லாந்தின் கெல்லஹரின் ட்ரையைத் தன் உடம்பைக் கொடுத்துத் தடுத்தவர் அதே ஜோர்டி என்பதையும் கீழே சின்ன எழுத்தில் போடுங்கள்.

கடைசியாக, நேற்று என் பதிவின் கீழே ஒருவர் எழுதியது: "இங்க வந்து நாலு வருஷம் ஆனதும் பெரிய கிவி ஆயிட்டாரு, நம்ம ஊர்க்காரனுக்கு எதுக்கு ரக்பி." உங்களுக்கு நான் பதில் எழுதவில்லை, அழிக்கவும் இல்லை, அப்படியே இருக்கட்டும். ஆனால் அரையிறுதியில் அர்ஜென்டினாவை 44-6 என்று அடித்தபோது நவராத்திரி நடந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டுக் கொலுவுக்கு ஆல் பிளாக்ஸ் சட்டையோடு வந்து, பொம்மைகளுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டது நீங்கள்தான். சுண்டல் டப்பாவையும் இன்னும் திருப்பித் தரவில்லை. அன்று இந்த ஊர்க்காரனாக இல்லையா? என் பையன் இந்த நாட்டுச் சேற்றில் விழுந்து எழுந்து ஆடுகிறான். அவனுக்கு இது அவனுடைய அணி. அதனால் எனக்கும். யாரிடமும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

அவன் திங்கட்கிழமை 7ஆம் எண் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் பயிற்சிக்குப் போனான். இரண்டு பேர் கேலி செய்தார்களாம். "பதினாலு பேர், ஒரு பாயிண்ட்" என்று சொல்லிவிட்டு வந்தானாம். நான் சொல்லிக்கொடுத்ததில்லை. போஸ்டர் அவன் போனுக்கும் வந்திருக்கிறது. அனுப்பிய அங்கிள் யாரென்று அவனுக்கும் தெரியும். அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது அவனிடமே பேசிக்கொள்ளுங்கள், நான் நடுவில் வரப்போவதில்லை.