மிளகாய் இலை சுருண்டால் யூரியாவா?

மேலே ஒருவர் "மிளகாய் இலை சுருளுது எண்டால் பசளை காணாது, யூரியா போடுங்கோ" எண்டு எழுதியிருக்கிறார். தயவுசெய்து போடாதேங்கோ. யூரியா தரும் தழைச்சத்துக் (நைதரசன்) குறைந்தால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும், குருத்து சுருளாது. யூரியா போட்டால் தளிர் இன்னும் மென்மையாகும். சாறு உறிஞ்சும் பூச்சிக்கு அது விருந்து.

குருத்தை வெள்ளைத்தாளுக்கு மேல் தட்டிப் பாருங்கோ. இலை மேல்நோக்கிச் சுருண்டு, தாளில் மெல்லிய மஞ்சள் பூச்சிகள் ஓடினால் பனிப்பூச்சி. கொழும்பில் மழை குறைந்த ஜனவரி முதல் மார்ச் வரை பெல்கனிச் சாடிகளில் கவனமாக இருக்கவேணும். கீழ்நோக்கிச் சுருண்டு காம்பு நீண்டால் சிற்றுண்ணி, அது வெறுங்கண்ணுக்குத் தெரியாது.

இரண்டுக்கும் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெய், சில துளி பாத்திரம் கழுவும் சோப்பு. பின்னேரம், இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கோ; 5 நாளுக்கு ஒருக்கா, மூன்று தரம். வெயிலில் அடித்தால் இலை கருகும். சுருண்ட பழைய இலை நிமிராது, புதுத்தளிரைத்தான் பார்க்கவேணும்.

வெள்ளை ஈயோடு இலை சிறுத்து, மஞ்சளாகிக் குட்டையாக நிண்டால் பெரும்பாலும் வைரஸ். அதற்கு மருந்தில்லை, பிடுங்கிப் பையில் கட்டி எறியுங்கோ.