ஜப்பான் போனால் குடியிருப்புப் பக்கத்து மருந்துக் கடைக்குப் போங்கள்

ஆபீஸில் என் பக்கத்து சீட் பெண் அடுத்த மாதம் ஒசாகாவும் டோக்கியோவும் போகிறாள். போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் போனை நீட்டி, "அக்கா, இதெல்லாம் வாங்கணும், எவ்வளவு ஆகும்னு சொல்லுங்க" என்றாள். இருபத்திரண்டு பொருள். எல்லாம் ரீல்ஸில் யாரோ சொன்னதைப் பார்த்து எழுதி வைத்தது. அதில் பாதி நம் நிறத்துக்கும் நம் ஊர் வேர்வைக்கும் ஒத்துவராதவை. உட்கார்ந்து பேசிப் பேசி எட்டாகக் குறைத்தோம். அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன், ஏனென்றால் கஷ்டப்பட்டுச் சேர்த்த பணத்தில் போய் "டாக்ஸ் ஃப்ரீ" என்ற பலகையைப் பார்த்ததும் கூடையை நிரப்பிக்கொண்டு வருபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். 2023 ஏப்ரல். அக்கா மகள் ஒசாகாவில் வேலை பார்க்கிறாள், ஊருக்கு வடக்கே சுய்தாவில் வீடு. போன அன்றே ஷின்சாய்பாஷி கடைத்தெருவுக்குப் போனோம். பத்தடிக்கு ஒரு மருந்துக் கடை, வாசலிலேயே மலை மலையாக சன்ஸ்கிரீனும் முகத்துக்கு ஒட்டும் ஷீட் மாஸ்க்கும். ஜப்பானில் மேக்கப், சோப்பு, தலைவலி மாத்திரை, பிஸ்கட் எல்லாம் இந்த மருந்துக் கடைகளிலேயே கிடைக்கும், ட்ரக் ஸ்டோர் என்பார்கள். ஒரு கடையில் பதினெட்டாயிரம் யென்னுக்கு வாங்கினேன், பாஸ்போர்ட்டைக் காட்டி வரி கழித்துக்கொண்டேன், பெரிய மிச்சம் பிடித்துவிட்ட நினைப்பு.

மறுநாள் காலை சுய்தாவில் அவள் வீட்டுப் பக்கத்து மருந்துக் கடைக்குப் பால் வாங்கப் போனோம். சன்ஸ்கிரீன் அடுக்கின் முன்னால் நின்று, "சித்தி, நேத்து வாங்கின அதே பியோரே, இங்க விலையைப் பாருங்க" என்றாள். 768 யென். முந்தின நாள் நான் கொடுத்தது 1,080. கணக்குப் போட்டுப் பாருங்கள். சுய்தா கடையில் வரிவிலக்கு கிடையாது, பத்து சதவீதம் வரி சேர்த்தாலும் 844 யென்தான். வரி கட்டியே 236 யென் குறைவு. அதே குழாய், அதே சீல்.

அதனால் முதலில் இந்த வரிக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். 2019 அக்டோபரிலிருந்து ஜப்பானில் நுகர்வு வரி 10 சதவீதம், சாப்பாட்டுப் பொருளுக்கு மட்டும் 8. சுற்றுலாப் பயணியாகப் போகிறவர்கள் "டாக்ஸ் ஃப்ரீ" பலகை உள்ள ஒரே கடையில் ஒரே நாளில் வரி நீங்கலாகக் குறைந்தது 5,000 யென்னுக்கு வாங்கினால் இந்த வரி இல்லை. பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும், வாங்குகிறவரே நாட்டை விட்டு எடுத்துப் போக வேண்டும். அங்கே குடியிருக்கும் சொந்தக்காரருக்காக நம் பாஸ்போர்ட்டில் வாங்கிக் கொடுப்பது தப்பு. என் அக்கா மகளே முதலில் சொன்ன விஷயம் இது. ஷெல்ஃபில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் வரி சேராத விலை, ஜெய்நுகி என்பார்கள். கீழே பொடி எழுத்தில் ஜெய்கோமி, அதாவது வரி சேர்த்த விலை. இரண்டு கடையை ஒப்பிடும்போது ஒன்றில் பெரிய எழுத்தையும் இன்னொன்றில் சின்ன எழுத்தையும் பார்த்துவிட்டு ஏமாறாதீர்கள்.

இந்த 5,000 யென் கோடுதான் நிறையப் பேரைச் செலவு செய்ய வைக்கிறது. கூடையில் 3,800 யென்னுக்குப் பொருள் இருக்கிறது, இன்னும் 1,200 சேர்த்தால் வரி போகும் என்று எதையாவது தேடுவார்கள். சேர்க்காமல் வாங்கினால் வரியோடு 4,180. சேர்த்து வாங்கினால் 5,000. வேண்டாத பொருளுக்கு 820 யென் கூடுதலாகக் கொடுத்துவிட்டு 380 யென் வரி மிச்சம் என்று சந்தோஷப்படுகிறோம். உண்மையிலேயே தேவையான பொருள் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்குங்கள், அது சரி. இல்லையென்றால் வரியைக் கட்டிவிட்டு வெளியே வாருங்கள்.

இன்னொன்று, வரி கழித்து வாங்கும் கிரீம், சன்ஸ்கிரீன் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு ஒட்டிக் கொடுப்பார்கள், ஜப்பானை விட்டுக் கிளம்பும்வரை பிரிக்கக் கூடாது. அங்கேயே பூசிக்கொள்ள வேண்டிய சன்ஸ்கிரீனைத் தனியாக வரியோடு வாங்குங்கள். இந்த முறை 2026 நவம்பர் 1 முதல் மாறுகிறது. கடையில் வரியோடு முழு விலையும் கொடுத்துவிட வேண்டும், கிளம்பும்போது விமான நிலையத்தில் சுங்கத்தில் காட்டினால் வரி திரும்ப வரும், ஒட்டிய பை தொல்லை இருக்காது. ஆனால் அதன்பிறகு போகிறவர்கள் விமான நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே போய்விடுங்கள், எல்லா ரசீதையும் வைத்திருங்கள்.

சரி, எதை வாங்குவது? என் அபிப்பிராயத்தில் ஜப்பானின் நிஜமான அருமை விலை உயர்ந்த கவுண்டரில் இல்லை, மருந்துக் கடையின் கீழ்த்தட்டில் இருக்கிறது. அந்தக் கம்பெனிகள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். ஹாடா லாபோ என்ற முக லோஷனைத் தயாரிக்கும் ரோதோ, ஒசாகாவில் 1899-இல் வயிற்று மருந்து விற்று ஆரம்பித்த கம்பெனி, பிறகு கண் சொட்டு மருந்து. பியோரே தயாரிக்கும் காவோ 1890-இல் முகம் கழுவும் சோப்பு போட்ட கம்பெனி. பெரிய பேரான ஷிசெய்டோவே 1872-இல் டோக்கியோவின் கின்சாவில் மருந்துக் கடையாகத்தான் தொடங்கியது. ஆயிரம் யென்னுக்குள் விற்கும் பொருளில்கூட இவர்கள் அலட்சியம் காட்டுவதில்லை என்பது இரண்டு வருஷம் பயன்படுத்திப் பார்த்து நான் கண்டது.

ஆனால் ஒட்டியிருக்கும் பெயரைப் படிக்கத் தெரிய வேண்டும். அங்கே "லோஷன்" என்றால் நாம் நினைக்கும் கெட்டியான கிரீம் இல்லை, தண்ணீர் மாதிரி இருக்கும். முகம் கழுவியதும் முதலில் தட்டிக்கொள்வது, கெஷோசுய் என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் கை காலுக்குப் பூச என்று மூன்று பாட்டில் வாங்கி வந்து, வெறும் தண்ணீராக இருக்கிறது என்று மூலையில் போட்டுவிட்டார். கெட்டியாக வேண்டுமென்றால் அது வேறு, பால் போல இருக்கும். அப்புறம் ஒரே பெயர் லோஷனே பல கம்பெனிகளில் இரண்டு வகையாக வரும். ஷித்தோரி என்றால் நல்ல ஈரப்பசை உள்ளது, ஸப்பாரி என்றால் ஒட்டாமல் லேசாக இருப்பது. சென்னை மாதிரி ஊரில் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஸப்பாரி வாங்கலாம்.

ரீஃபில் பாக்கெட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். பாட்டில் இருக்கும் அதே தட்டில், பெரும்பாலும் பாட்டிலுக்கு அடுத்தே, ஷாம்பு சாஷேயைப் பெரிதாக்கினது போல் ஒரு பை நிற்கும். த்சுமெகாயே என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அதே அளவு பாட்டிலைவிட விலை குறைவு, பெட்டியில் தட்டையாகப் படுத்துக்கொள்ளும், எடையும் கம்மி. முதல் பயணத்தில் வாங்கிய ஒரே பாட்டிலைத்தான் நான் இன்னும் வைத்திருக்கிறேன். மூலையில் புள்ளிக்கோடு போட்டிருக்கும் இடத்தில் கிழித்தால் வாய் சின்னதாகக் குவியும், பாட்டில் கழுத்தில் பொருத்திப் பையை மெதுவாக உருட்டிக்கொண்டே வந்தால் ஒரு சொட்டு வெளியே போகாது. ஊற்றும் முன் பாட்டிலைக் கழுவி நன்றாகக் காய வைத்துவிடுங்கள், ஈரம் இருக்கக் கூடாது.

எதை வாங்க வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஃபவுண்டேஷன், பவுடர், "டோன் அப்" என்று போட்ட சன்ஸ்கிரீன், இந்த மூன்றும் நம்மில் முக்கால்வாசிப் பேருக்குப் பணம் தண்டம். நான் போன கடைகளில் இருந்ததிலேயே கருமையான ஷேடு என் மணிக்கட்டின் உள்பக்கத்தைவிட வெளுப்பாக இருந்தது. டோன் அப் வகை பலவற்றில் ஊதா சாயை கலந்திருக்கும், நம் முகத்தில் சாம்பல் பூசினாற்போல் தெரியும். பிஹாகு என்று போட்ட சீரம்களை வெள்ளையாக்கும் மருந்து என்று நினைத்து அம்மாக்கள் கேட்டு அனுப்புகிறார்கள். அந்தச் சொல் அங்கே தோலுக்குக் கருமை தரும் மெலனின் உருவாவதைக் கட்டுப்படுத்திக் கரும்புள்ளி வராமல் தடுப்பதைக் குறிக்கும், நிறத்தை மாற்றுவதை அல்ல. நம் நிறத்துக்கு ஒரு குறையும் இல்லை, அதை மாற்ற ஐயாயிரம் ரூபாய் செலவழிக்க வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு நிற்கும் பெண் வீட்டில் இருக்கிறாள் என்று யாராவது இதைக் கேட்டால் வாங்கி வராதீர்கள்.

நிறம் பார்க்க வேண்டாத பொருள்கள் நமக்கு அருமையாக ஒத்துவரும். ஐலைனர், மஸ்காரா. கிஸ் மீ பிராண்டின் ஹீரோயின் மேக் மஸ்காரா மே மாதக் கல்யாண மண்டபத்தில்கூட வழியவில்லை. அதை நடத்தும் இசெஹான் 1825-இல் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், குசும்பப்பூவிலிருந்து உதட்டுச் சிவப்பு செய்து விற்கத் தொடங்கிய வீடு. இன்றைக்கும் அந்தச் சிவப்பைச் செய்கிறார்கள்.

துணிக்கு வருகிறேன். யூனிக்லோவில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சில பொருள்களின் விலையை ஒரு வாரத்துக்கு மட்டும் குறைப்பார்கள். மே கடைசியிலும் நவம்பர் கடைசியிலும் நன்றித் திருவிழா என்று பெரிய தள்ளுபடி. நான் 2025 நவம்பரில் போனது அதைக் கணக்குப் பண்ணித்தான். அதே குழுமத்தின் ஜியூ கடையில் இன்னும் மலிவு, ஆனால் துணியைத் தொட்டுப் பார்த்து வாங்குங்கள், எல்லாம் ஒரே தரமாக இருக்காது. ஹீட்டெக் பனியன் மலிவு என்று அள்ளாதீர்கள், குளிர் ஊருக்குப் போகாதவருக்கு அது அலமாரியில்தான் கிடக்கும்.

என்னைக் கேட்டால் ஜப்பானிய ஃபேஷனை வாங்கச் சரியான இடம் பழைய துணிக் கடைதான். நம் ஊரில் இன்னொருவர் போட்டதை வாங்குவதா என்று முகம் சுளிப்பார்கள், அங்கே அப்படி இல்லை. டோக்கியோவில் ஷிமோகிதாசாவா, கோயென்ஜி, ஒசாகாவில் அமெரிக்காமுரா, தெரு முழுக்க இந்தக் கடைகள். செகண்ட் ஸ்ட்ரீட், ராக்டாக், கோமேஹ்யோ மாதிரி கிளை வைத்த கடைகளும் உண்டு. ரொம்ப நாளாக ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகேயின் ப்ளீட்ஸ் ப்ளீஸ் என்ற மடிப்புத் துணி வரிசையில் மேல்சட்டை ஒன்று வாங்க ஆசை. 1993-இல் தொடங்கியது அது. துணியை வேண்டிய அளவைவிடப் பெரிதாக வெட்டித் தைத்துவிட்டு, அதன்பிறகு சூடு கொடுத்து மடிப்பை ஏற்றுகிறார்கள், அதனால் துவைத்தாலும் மடிப்பு போகாது. புதுசு என் பட்ஜெட்டில் இல்லை. அமெரிக்காமுராவில் ஒரு சின்னக் கடையில் கரும்பச்சையில் ஒன்று தொங்கியது, 11,000 யென். அன்றைய விலைக்கு ஆறாயிரத்து முந்நூறு ரூபாய் சுமார். விலைச்சீட்டில் ஏதோ எழுதியிருந்தது. அக்கா மகள் படித்தாள்: "இடது அக்குள் தையலில் ஒரு நூல் இழுத்திருக்கிறதாம், சித்தி." திருப்பிப் பார்த்தேன், அரிசி அளவுகூட இல்லை. இப்படிக் குறையை எழுதி வைத்து விற்கிறார்கள். பாய் மாதிரி சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். கொசுவம் வைத்து நீவி விட்ட புடவை மடிப்பைப் போல அப்படியே நிற்கிறது, இஸ்திரி இன்னும் பார்த்ததில்லை.

கடைசியாக கார்டு. முதல் பயணத்தில் ஒரு பெரிய கடையில் மெஷின் தொகையை ரூபாயிலும் யென்னிலும் காட்டியது. ரூபாய் புரியும் என்று அதையே தொட்டேன். 24,000 யென்னுக்கு, அன்றைய வங்கி விகிதத்தைவிட எழுநூறு ரூபாய்க்கு மேல் போய்விட்டது. எப்போதும் யென்னையே தொடுங்கள். அப்புறம் நம் கிரெடிட் கார்டுகள் பலவற்றில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் கட்டணம், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, மொத்தம் 4.13. வரிவிலக்கில் கிடைத்த பத்தில் நாலு இங்கேயே போகிறது. கட்டணம் இல்லாத கார்டு ஒன்றை ஊரில் இருக்கும்போதே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

பக்கத்து சீட் பெண்ணிடம் நான் கேட்டிருப்பது ஒன்றே ஒன்று, ஹாடா லாபோ ரீஃபில் இரண்டு பாக்கெட். தங்கும் ஹோட்டல் பக்கத்தில் பால், முட்டை விற்கும் மருந்துக் கடை எது என்று பார்த்து அங்கேயே வாங்கச் சொல்லியிருக்கிறேன்.