ஹேரன் என்றால் ஆண்கள்

காசு வாங்காதாம். கார்டு மட்டும்தானாம். கையில் ஒரு யூரோ நாணயம், அடிவயிற்றில் ஆம்ஸ்டர்டாமின் மொத்தக் கால்வாய்த் தண்ணீர், எதிரே பூட்டிய கழிப்பறைக் கதவு. கார்டு எங்கே? வீட்டுக்காரர் பர்ஸில். வீட்டுக்காரர் எங்கே? கால்வாய்க்கு அந்தப் பக்கம், வாடகைச் சைக்கிள் இரண்டுக்கும் காவல்.

காலையிலிருந்து சொன்னால்தான் எனக்கு ஆறும்.

காசு கொடுத்தாயிற்றே என்று ஓட்டலில் இரண்டு காபி குடித்தேன். தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் சைக்கிள் எடுத்தோம். எருமை கனம். சீட்டில் உட்கார்ந்தால் தரைக்குக் கால் எட்டாது. பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிரேக். சிக்னலில் நின்றால் பெடலைப் பின்னால் சுற்றி மேலே கொண்டுவந்து வைத்துக்கொள்வது நம் ஊர்ப் பழக்கம். அங்கே அது இம்மியும் நகராது. பச்சை விழுந்ததும் நான் தவ்வித் தவ்வி ஏற, பின்னால் ஏழெட்டு மணிகள் கிணிகிணி என்று கோயில் பூஜை மாதிரி அடித்தன. அதைக்கூட மன்னித்துவிட்டேன். வோண்டல்பார்க்கில் மரநிழலில் ஓட்டியபோது, இந்த ஊரிலேயே இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

கால்வாய்ப் பக்கம் வந்ததும்தான் வந்தது வினை. அந்தக் கரையோரத் தெருக்கள் பாதிக்கு மேல் செங்கல் பாவியவை. பார்க்க அழகு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு காபி உள்ளே இருக்கும்போது ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக வந்து நலம் விசாரிக்கும். போதாததற்குக் கூன் விழுந்த பாலங்கள். ஏறும்போது ஒரு வேதனை, இறங்கும்போது இன்னொரு வேதனை. ஊரில் ஆயிரத்துக்கும் மேலே பாலம் இருக்கிறது என்று பின்னாலிருந்து இவர் ஆனந்தமாகக் கணக்குச் சொல்லிக்கொண்டு வருகிறார்.

சொல்லிக்கொண்டே வந்தவர், "ஒரு நிமிஷம்மா" என்று சைக்கிளை என் கையில் கொடுத்துவிட்டுக் காணாமல் போனார். எங்கே போனார்? கால்வாய் ஓரத்தில் பச்சைப் பெயின்ட் அடித்த இரும்புத் தகட்டை நத்தை ஓடு மாதிரி சுருட்டி நிறுத்தியிருக்கிறார்கள். அதற்குள். கீழே இடைவெளியில் இவருடைய செருப்பு தெரிகிறது. கதவு இல்லை, காசு இல்லை, வரிசை இல்லை. முக்கால் நிமிடத்தில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்து, "என்ன ஏற்பாடு பாரு! பத்தொன்பதாம் நூற்றாண்டுலயே யோசிச்சிருக்கான்" என்கிறார். யோசித்தான். பாதிப் பேருக்கு மட்டும் யோசித்தான்.

நான் முதல் கடைக்குப் போனேன். சாப்பிட வந்தவர்களுக்கு மட்டும் என்றார்கள். இரண்டாவது கடையில் எனக்கு முன்னால் ஒன்பது பெண்கள். மூன்றாவதில் வேறு வழியில்லாமல் ஒரு காபி வாங்கினேன். ஏணி மாதிரி செங்குத்தான படியைப் பிடித்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினால், அங்கே ஒற்றைக் கழிப்பறை. போய்விட்டு வந்தேன். ஆனால் வாங்கிய காபியைக் குடிக்காமல் வர மனசு வருமா? கழிப்பறைக்காகக் காபி, அந்தக் காபிக்காக அடுத்த கழிப்பறை. கந்துவட்டி இப்படித்தான் ஆரம்பிக்கும்.

அடுத்த தவணை ஒரு மணி நேரத்தில் வந்தது. அதுதான் நான் முதலில் சொன்ன கதவு.

"என்னங்க!" என்று கத்தினேன். அக்கரையில் நின்றவர் கையை ஆட்டினார். நான் இரண்டு கையையும் ஆட்டினேன். அவர் போனை எடுத்தார். எனக்கு அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். இல்லை, போட்டோ எடுக்கிறார்! பின்னணியில் வெஸ்டர்கெர்க் தேவாலயக் கோபுரம் நன்றாக விழுகிறதாம். "கார்டு! கார்டு!" என்றேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். கடைசியில் நானே போன் செய்து சொன்னேன். சொன்னதும் ஓடி வந்தாரா? சைக்கிளைப் பூட்டினார். பின்சக்கரத்தில் ஒரு வளையப் பூட்டு. அப்புறம் சங்கிலி. சங்கிலியைக் கம்பியில் சுற்றிப் பார்த்தார், நீளம் போதவில்லை, வேறு கம்பி தேடினார். அப்புறம் இரண்டாவது சைக்கிள், அதற்கும் வளையம், அதற்கும் சங்கிலி. எந்தச் சாவி எதற்கு என்று ஒரு ஆராய்ச்சி. பூட்டியதை இழுத்துப் பார்த்தார். நான்கு எட்டு வைத்தவர், திரும்பிப் போய் மறுபடியும் இழுத்துப் பார்த்தார். இத்தனையையும் நான் இக்கரையில் ஒற்றைக் காலில் தவம் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாலத்தில் வரும்போது ஒரு படகு கடந்தது. நின்று அதைப் பார்த்தார். சத்தியமாக நின்று பார்த்தார்!

வந்து கார்டைத் தேய்த்தால் மெஷின் மாட்டேன் என்றது. அடுத்த கார்டு. அதற்கு ரகசிய எண் கேட்டது. "நம்ம கல்யாண வருஷம்தானே?" என்று என்னைக் கேட்கிறார். இருபது வருஷத்தில் அந்த வருஷம் அவருக்குச் சந்தேகமாக வந்த இடம் அந்தக் கதவு முன்னால்தான்.

ராத்திரி ஓட்டலில் படுத்துக்கொண்டு படித்தேன். 2015இல் இந்த ஊரில் லைட்செப்ளைன் சதுக்கத்துப் பக்கம் ஒரு பெண், மதுக்கடைகள் மூடிய பிறகு, வேறு வழியில்லாமல் தெருவோரம் ஒதுங்கியிருக்கிறாள். அபராதம் போட்டார்கள். வழக்கு 2017இல் நீதிமன்றத்துக்கு வந்தபோது, ஆண்களுக்கான அந்த இடத்தையே பயன்படுத்தியிருக்கலாமே, சுகமாக இருக்காதுதான், ஆனால் முடியும் என்று நீதிபதி சொன்னாராம். அதற்குள் எப்படி முடியும் என்று பெண்கள் அங்கேயே போய் நின்று போட்டோ எடுத்து ஊர் முழுக்கப் பரப்பியிருக்கிறார்கள். அந்தப் பெண்கள் இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு.

இன்னொன்றும் படித்தேன். பெரிய கால்வாய்கள் மூன்றின் பெயர் ஹேரன்கிராக்ட், கெய்சர்ஸ்கிராக்ட், பிரின்சன்கிராக்ட். கனவான்கள், பேரரசர், இளவரசர். இதில் ஹேரன் என்ற சொல்லை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தால், ஆண்கள் கழிப்பறைக் கதவில்! பகல் முழுக்க நான் அலைந்த கரைக்கே அந்தப் போர்டுதான். ஓட்டல் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன். நடுராத்திரியில் இவர் எழுந்து, "என்னம்மா, அழறியா?" என்கிறார்.

அந்த போட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். 'ஆம்ஸ்டர்டாமில் உற்சாக நடனம்' என்று தலைப்பு வேறு. அதற்குக் கீழே மாமியார்: "அவ முகம் ஏன் அப்படி இருக்கு? சாப்பிட வாங்கிக் கொடுத்தியாடா?"

வாங்கிக் கொடுத்தார், அதையும் கேளுங்கள். கூம்புப் பொட்டலத்தில் வறுத்த உருளைக்கிழங்கு. தொட்டுக்கொள்ள மயோனைஸ் கேட்டால், அதற்குத் தனிக் காசாம்! நம் ஊரில் இரண்டு இட்லிக்கு மூன்று சட்னி வைத்துவிட்டு, சாம்பார் இன்னும் வேண்டுமா என்று வாளியோடு வந்து நிற்பார்களே.